குரலை அளக்கும் திறந்த ஏடு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

கவிதையை வாய்விட்டுப் படிப்பதையும் செவியாரக் கேட்பதையும் பத்தாண்டுக் காலம் விடாது போற்றி வந்துள்ள ஓர் அவையில், ஒலியை அளப்பது பற்றிய உரை இடம்பெறுவது பொருத்தமே. கவிஞர்க்கு ஒலி கருவி. இலக்கணியர்க்கு ஒலி ஆய்வுப்பொருள். இன்று கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் ஒலியைத் தம் ஆய்வுப்பொருளாகக் கொண்டுள்ளனர். பதிவு செய்த குரலை அலையாகவும் எண்ணாகவும் விரித்துக் காட்டும் மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் தம் மூலநிரலை எவரும் படித்துப் பார்க்குமாறு திறந்து வைத்திருப்பவை இரண்டு இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று 'பிராட்'. மற்றொன்று, பிராட்டின் ஆற்றல் முழுவதையும் பைத்தான் என்னும் நிரல்மொழி வழியே வழங்கும் 'பார்சல்மவுத்' என்னும் நிரல் தொகுதி. இவை எதனை அளக்கின்றன, எவ்வாறு அளக்கின்றன, அளந்த முறையை மறைக்காமல் வைத்திருப்பதால் விளையும் பயன் யாது என்பனவே இவ்வுரையின் பொருள்.

கண்ணிமையும் கைந்நொடியும்

எழுத்துக்கு அளவு கூறப் புகுந்த தொல்காப்பியர், இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதையும் விரல் நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்டார். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை, குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றுக்கும் அரை. மகரம் குறுகுமிடத்து அவ்வரையும் காலாகிறது. கால் மாத்திரை வரை நுணுகிச் சென்ற இவ்வளவையின் நுட்பம் பலராலும் வியந்து பேசப்பட்டுள்ளது. ஆயின், நுட்பத்தைவிட அதன் எளிமையே ஈண்டு கருதத்தக்கது. கண்ணிமைப்பதற்கும் விரல் நொடிப்பதற்கும் எவரிடமும் இசைவு பெற வேண்டுவதில்லை. விலை கொடுத்து வாங்க வேண்டுவதுமில்லை. ஆசிரியர் கூறிய அளவை மாணாக்கன் இருந்த இடத்திலிருந்தே சரிபார்க்கலாம். பொருந்தவில்லையெனில் எழுந்து வினவலாம்.

இவ்வளவு தாமே கண்டது என்றும் தொல்காப்பியர் கூறவில்லை. நுட்பமாக உணர்ந்தோர் கண்டது எனத் தமக்கு முன்னையோர்மேல் ஏற்றிக் கூறுகிறார். அளவு யாது, அளந்த கருவி யாது, கண்டவர் யாவர் என்னும் மூன்றும் ஓரிடத்தில் ஒளிவுமறைவின்றி வைக்கப்பட்டுள்ளன. ஓர் அளவு நம்பத்தக்கதாக அமைவதற்கு இம்மூன்றும் வேண்டும். இக்கருத்தை மனத்திற்கொண்டு இயந்திரங்களின் காலத்திற்கு வரலாம்.

புகைத்தாளில் எழுதிய குரல்

மனிதக் குரலை முதன்முதலில் தாளில் பதித்தவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த எதுவார்-லியோன் ஸ்கோட் த மார்த்தான்வில். அவர் அச்சுத்தொழில் சார்ந்தவர். பிழை திருத்தும் பணியிலும் இருந்தவர். காதின் அமைப்பைப் போன்றே ஒரு கருவி செய்தால் பேசும் பேச்சு தன்னைத்தானே எழுதிக்கொள்ளும் என்று எண்ணினார். குரலால் அதிரும் ஒரு சவ்வு, அதனோடு பிணைத்த ஒரு நுண்ணிய மயிர்முனை, விளக்குப்புகை படிந்த தாள் ஆகியவற்றைக் கொண்ட அக்கருவிக்கு 1857ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். எடிசனின் ஃபோனோகிராஃப் தோன்றியது 1877இல். அதற்கு இருபதாண்டு முந்தியது இது. ஆயினும் ஸ்கோட்டின் கருவியால் குரலை எழுத மட்டுமே முடியும். எழுதியதை மீண்டும் ஒலிக்கச் செய்ய இயலாது. அத்தகைய நோக்கமும் அவருக்கு இல்லை. கோட்டைக் கண்ணால் படித்துப் பேச்சை உணரலாம் என்பதே அவர்தம் நம்பிக்கை.

1860ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் அவர் பதித்த ஒரு தாளை, ஃபர்ஸ்ட் சவுண்ட்ஸ் என்னும் ஆய்வுக்குழுவினர் 2008இல் கணிப்பொறியின் துணையால் ஒலிக்கச் செய்தனர். பிரெஞ்சு நாட்டுப்பாடல் ஒன்றின் சிறு பகுதி அதில் கேட்டது. இளம்பெண் ஒருத்தியின் குரல் அது என்று உலகெங்கும் செய்தி பரவியது. அடுத்த ஆண்டிலேயே அச்செய்தி திருத்தப்பட்டது. பதிவை ஒலித்த வேகம் இருமடங்காக இருந்தது என்பதை அக்குழுவினரே கண்டறிந்தனர். சரியான வேகத்தில் கேட்டபோது பெண்குரல் மறைந்து, மெல்ல நிறுத்தி நிறுத்திப் பாடும் ஓர் ஆண்குரல் எழுந்தது. பாடியவர் பெரும்பாலும் ஸ்கோட்டே என்பது முடிபு.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு நீங்கியது என்பது நோக்கத்தக்கது. குரலின் கோட்டுக்கு அருகிலேயே ஓர் இசைக்கவையின் அதிர்வையும் ஸ்கோட் பதித்து வைத்திருந்தார். விநாடிக்கு இத்தனை முறை அதிரும் எனத் தெரிந்த கவையின் கோடு காலத்தை அளக்கும் கோலாகப் பயன்படும். ஆனால் அக்காலப் பிரெஞ்சு வழக்கில் முன்னோக்கிச் செல்லும் அசைவை ஒன்றாகவும் பின்னோக்கி மீளும் அசைவை மற்றொன்றாகவும் எண்ணுவர். இன்றோ போய் மீளும் அசைவு முழுவதும் ஒன்றாக எண்ணப்படுகிறது. 500 என்று அன்று எழுதியது இன்றைய கணக்கில் 250. எண் சரியே, எண்ணிய முறைதான் வேறு. குரலோடு அளவுகோலும் அதே தாளில் பதிந்திருந்தமையால் பிழையைத் திருத்த முடிந்தது. கோல் இல்லாத பதிவாயின், ஓர் ஆணின் குரல் என்றென்றும் ஒரு பெண்ணின் குரலாகவே நின்றிருக்கும்.

'பேசு' என்னும் பெயர்

இன்றைய பதிவுகளில் புகைத்தாளின் இடத்தை எண்கள் பிடித்துள்ளன. குறுந்தகட்டின் முறைப்படி ஒரு விநாடிக் குரல் 44,100 முறை அளக்கப்பட்டு, அத்தனை எண்களாகச் சேமிக்கப்படுகிறது. அவ்வெண்களைக் கண்ணால் பார்த்து ஒன்றும் அறிய இயலாது. அவற்றிலிருந்து சுருதியையும் நீளத்தையும் வன்மை மென்மையையும் உயிரொலியின் சாயலையும் பிரித்தெடுக்க ஒரு கருவி வேண்டும்.

அத்தகைய கருவியாக, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ஒலியியல் அறிஞர்கள் பவுல் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் ஆகிய இருவரும் 1990களில் உருவாக்கத் தொடங்கியதே பிராட். டச்சு மொழியில் 'பிராட்' என்பது 'பேசு' என்னும் ஏவல் வினை. குரலை ஆராயும் கருவிக்கு ஏவல் வினையையே பெயராக இட்டது கவிஞர்க்கு உவப்பளிக்கும். ஒலியியல் பயிலும் மாணவர்களும், மொழிகளைக் களத்தில் சென்று பதிவு செய்யும் ஆய்வாளர்களும், குரல் குறை நீக்கும் பயிற்சியாளர்களும் உலகெங்கும் இதனைக் கையாண்டு வருகின்றனர். இதன் மூலநிரல் குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டுள்ளது.

அலை தன்னோடு கொள்ளும் எதுகை

பிராட் சுருதியை அறியும் முறை யாப்பு அறிந்தோர்க்குப் புதிதன்று. உயிரொலியின் அலை ஒரே வடிவத்தை மீண்டும் மீண்டும் காட்டும். அலையின் ஒரு படியை எடுத்து, மூலத்தின்மீது வைத்து, சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே சென்றால் ஓரிடத்தில் மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் பொருந்தி நிற்கும். நகர்த்திய தூரமே அக்குரலின் ஒரு சுழற்சிக்காலம். அடிதோறும் எதுகை மீண்டும் வருவதைக் கொண்டு அடியின் எல்லையைச் செவி உணர்வது போல, அலை தன்னோடு தானே எதுகை கொள்ளும் இடத்தைக் கொண்டு கருவி சுருதியை உணர்கிறது.

இம்முறை பழையதே. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. நீண்ட ஒலியிலிருந்து ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டி எடுத்து ஆராயும்போது, வெட்டிய செயலே பொருத்தத்தின் அளவைக் குறைத்துக் காட்டிவிடும். வெட்டியதால் விளையும் அக்குறைவைக் கணித்து வகுத்து நீக்கும் வழியைப் பூர்ஸ்மா 1993இல் ஒரு கட்டுரையில் வெளியிட்டார். பிராட்டின் சுருதிக் கணிப்பு அவ்வழியில் அமைந்தது. கட்டுரையைப் படித்தவர் நிரலைத் திறந்து, சொன்னது ஒன்றும் செய்தது ஒன்றுமாக உள்ளதா என ஒப்பிடலாம்.

இவ்வளவு நுட்பமான கருவியும் பிழை செய்யும். எதுகை ஓரடி விட்டு ஓரடி வருவதாகக் கருவி மயங்கினால், சுருதி உள்ளதில் பாதியாகக் காட்டப்படும். ஓரடியை ஈரடியாக எண்ணினால் இருமடங்காகும். ஆதலால் தேடவேண்டிய சுருதியின் கீழெல்லையையும் மேலெல்லையையும் ஆய்வாளரே குறித்துத் தர வேண்டும். தாழ்ந்த ஆண்குரலுக்குப் பொருந்தும் எல்லை சிறுமியின் குரலுக்குப் பொருந்தாது.

உயிரொலிகளின் வேறுபாட்டை அறியும் முறையும் இத்தகையதே. தொண்டையிலிருந்து எழும் ஒலி ஒன்றாயினும், வாயின் அறை மாறும்போது அவ்வறையில் ஓங்கி ஒலிக்கும் அதிர்வெண்கள் மாறுகின்றன. ஓங்கும் இவ்விடங்களை ஒலியியலார் ஃபார்மன்ட் என்பர். வாய் அகலத் திறக்கும் அகரத்தில் முதலாம் ஃபார்மன்ட் உயர்கிறது. நா முன்னோக்கி எழும் இகரத்தில் முதலாவது தாழ, இரண்டாவது உயர்கிறது. இதழ் குவியும் உகரத்தில் இரண்டும் தாழ்கின்றன. வாய் திறத்தலால் அகர ஆகாரமும், நாவிளிம்பு மேற்பல்லைப் பொருந்துவதால் இகர முதலியனவும், இதழ் குவிதலால் உகர முதலியனவும் பிறக்கும் எனப் பிறப்பியலில் பகுத்து வைத்த பகுப்பைப் பயின்றவர்க்கு இப்படம் அயலானதாகத் தோன்றாது. இயந்திரம் தொல்காப்பியத்தை மெய்ப்பித்துவிட்டது என்று முழங்குவது இதன் நோக்கமன்று. வாயின் அசைவை உற்று நோக்கிச் செய்த பகுப்பும், வெளிவந்த அலையை அளந்து செய்த பகுப்பும் ஒன்றையொன்று விளக்குகின்றன என்பதே போதும்.

இங்கும் ஆய்வாளர் தரவேண்டிய எல்லை உண்டு. ஐந்து ஃபார்மன்ட்களைத் தேடும்போது வளர்ந்த ஆணின் குரலுக்கு 5,000 ஹெர்ட்ஸ், வளர்ந்த பெண்ணின் குரலுக்கு 5,500 ஹெர்ட்ஸ், சிறு குழந்தையின் குரலுக்கு 8,000 ஹெர்ட்ஸ் வரை நோக்குக எனப் பிராட்டின் கையேடு பரிந்துரைக்கிறது. ஆணுக்குரிய எல்லையை வைத்துப் பெண்ணின் குரலை அளந்தால், கருவி தயங்காமல் ஒரு விடையைத் தரும். விடை தவறாக இருக்கும். ஸ்கோட்டின் தாளில் நேர்ந்தது இங்கும் நேரலாம். எனவே முடிவை மட்டும் கூறி, வைத்த எல்லையைக் கூறாத ஆய்வு பாதி ஆய்வே.

ழகரத்தின் தடம்

தமிழுக்கு இக்கருவிகளால் என்ன பயன் என்னும் வினா இவ்வவையில் எழுவது இயல்பு. ழகரத்தை எடுத்துக்கொள்ளலாம். ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தும் தம்முள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதைத் தமிழின் ஒரு வட்டார வழக்கைக் கொண்டு ஜாய்ஸ் மெக்டனோ, கீத் ஜான்சன் ஆகியோர் 1997இல் ஆராய்ந்து வெளியிட்டனர். ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகைல் காவுன் ஆகிய மூவர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, காந்த ஒத்திசைவுப் படங்களின் துணையால் இவ்வொலிகளின்போது வாயினுள் நாக்கு கொள்ளும் வடிவத்தையே காட்டியது. ழகரம் ஒலிக்கும்போது மூன்றாம் ஃபார்மன்ட் கீழிறங்கி வருவதை ஒலிநிறமாலைப் படத்தில் கண்ணாரக் காணலாம். நா மடங்கும் ஒலிகளுக்குரிய அடையாளம் அது.

பேச்சு வழக்கில் ழகரம் சில இடங்களில் ளகரமாகவும் சில இடங்களில் யகரமாகவும் திரிந்துவிட்டது என்பது அனைவரும் அறிந்தது. எவ்வூரில், எவ்வயதினரிடத்தில், எச்சொல்லில் எவ்வளவு திரிந்துள்ளது என்பதைச் செவிகொண்டு மட்டும் கூறினால் வழக்காடலே மிஞ்சும். 'எங்கள் பக்கத்தில் அப்படியில்லை' என்னும் ஒரு சொல் உரையாடலை முடித்துவிடும். பதிவும் அளவும் இருந்தால் வழக்கு ஆய்வாகிறது. அவ்வளவு எம்முறையால் பெறப்பட்டது என்பது திறந்திருந்தால், மறுப்பவரும் அதே பதிவை அதே கருவியால் அளந்து தம் மறுப்பை நிறுவலாம்.

குரல்ரேகை தந்த பாடம்

அளந்த முறை மூடியிருந்தால் என்ன விளையும் என்பதற்கு அமெரிக்க வரலாறு ஒரு சான்று தருகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெல் ஆய்வகத்தில் பேச்சைப் படமாக்கும் கருவி உருவாயிற்று. அங்குப் பணியாற்றிய லாரன்ஸ் கெர்ஸ்டா என்பார், கைரேகையைப் போலவே ஒவ்வொருவர்க்கும் தனித்த குரல்ரேகை உண்டு என்றும், படங்களை ஒப்பிட்டு ஆளை அடையாளம் காணலாம் என்றும் 1962இல் எழுதினார். 'குரல்ரேகை' என்னும் பெயரே மக்கள் மனத்தைக் கவர்ந்தது. சில நீதிமன்றங்கள் இதனைச் சான்றாக ஏற்றன; சில மறுத்தன. படங்களைப் பார்த்துத் தேர்ந்த கண்ணே முடிவு செய்தது. அக்கண் எதனைக் கண்டு ஒத்தது என்றது, எதனைப் பொருட்படுத்தாமல் விட்டது என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் சரிபார்க்க வழியில்லை.

கூட்டரசுப் புலனாய்வுத் துறையின் வேண்டுகோளின்பேரில் தேசிய அறிவியல் கழகத்தின் குழு ஒன்று ஆராய்ந்து 1979இல் அறிக்கை அளித்தது. இம்முறையில் உள்ள ஐயப்பாடுகள் மிகுதி, ஆகவே நீதிமன்றப் பயன்பாட்டில் பெரும் எச்சரிக்கை வேண்டும் என்பது அதன் கருத்து. ஒருவர் ஒரே சொல்லை இருமுறை கூறினும் இரு படங்களும் முற்றும் ஒத்திரா. சளி பிடித்த குரல் வேறு. சினந்த குரல் வேறு. தொலைபேசியின் வழியே வந்த குரல் வேறு. குரலிலிருந்து எடுத்த அளவு மனிதனின் விடுதலையைத் தீர்மானிக்கும் இடத்தில், 'கருவி சொல்கிறது' என்பது விடையாகாது. கருவி எவ்வாறு சொல்கிறது என்பதே வினா.

பாட வேறுபாடும் மூலநிரலும்

இவ்வினாவின் இன்றியமையாமையைத் தமிழ்ப் பதிப்புலகம் நன்கறியும். சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கி ஒரு பாடத்தைத் தேர்ந்தார். தேர்ந்ததோடு அமையாமல், பிற ஏடுகளில் கண்ட பாடங்களைப் பிரதிபேதமாகக் குறித்து வைக்கும் நெறியையும் வளர்த்தார். தாம் கொண்ட பாடமே சரியென நிலைநாட்ட வேண்டுமாயின் மற்றவற்றை மறைத்திருக்கலாம். மறைக்காமையால், பின்வந்தோர் வேறு பாடம் சிறந்தது என்று காட்டவும் வழி பிறந்தது. பதிப்பாசிரியரின் புகழ் அதனால் குன்றவில்லை, வளர்ந்தது.

மூலநிரலைத் திறந்து வைப்பது இத்தகைய பதிப்பு நெறியே எனலாம். குனூ பொது உரிமம் முதன்முதலில் 1989இல் வெளிவந்தது. நிரலை எந்நோக்கத்திற்கும் இயக்கலாம், படித்து ஆராயலாம், மாற்றலாம், மாற்றியதையும் பிறர்க்கு வழங்கலாம். ஒரே கட்டுப்பாடு உண்டு: மாற்றி வழங்குவோர் தாம் பெற்ற உரிமைகளைப் பெறுவோர்க்கும் தருதல் வேண்டும். விலையின்மை வேறு, உரிமை வேறு என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. இலவசமாகக் கிடைத்தும் உள்ளே பார்க்க இயலாத கருவிகள் பல உள.

பார்சல்மவுத் இந்நெறியின் அடுத்த படி. புருசெல்ஸ் நகரின் விரியே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யானிக் ஜடூல் என்பாரும் பில் தாம்சன், பார்ட் டி போர் ஆகியோரும் 2018இல் இதனை அறிமுகம் செய்து கட்டுரை வெளியிட்டனர். பைத்தான் என்னும் சொல் மலைப்பாம்பையும் குறிக்கும். பாம்புகளோடு பேச வல்லவரை ஹாரி பாட்டர் கதைகள் பார்சல்மவுத் என்னும். 'பேசு' என்னும் பெயருடைய கருவியைப் பாம்பின் பெயருடைய மொழியில் பேசவைக்கும் தொகுதிக்கு இப்பெயர் அமைந்தது.

பெயரின் அழகைவிட அதன் அமைப்பே பாராட்டத்தக்கது. பிராட்டின் கணிப்புமுறைகளை அவர்கள் பைத்தானில் புதிதாக எழுத முற்படவில்லை. பிராட்டின் மூலநிரலையே உள்ளே வைத்து, அதனை அழைத்துப் பயன்படுத்தும் வாயில் ஒன்றை மட்டும் அமைத்தனர். மூலத்தைத் தம் சொற்களில் திருப்பி எழுதுவோரிடம் மூலம் திரிவதுண்டு. மூலத்தை உள்ளவாறே வைத்து அருகில் உரை எழுதுவோரிடம் அது திரிவதில்லை. பார்சல்மவுத் இரண்டாவது வகையைச் சார்ந்தது. மூலநிரல் திறந்திராவிடில் பிற நாட்டிலிருந்து, பிற பல்கலைக்கழகத்திலிருந்து இவ்வாயிலை அமைத்திருக்க இயலாது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரே பாடலை நூறு பேர் படித்த பதிவுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றையும் திரையில் திறந்து, சுட்டியால் இடம் குறித்து அளந்தால், முதற்பதிவை அளந்த முறையும் நூறாவதை அளந்த முறையும் ஒன்றாகவே இருந்தன என்பதற்கு அளந்தவரின் நினைவே சான்று. சில வரிகளில் ஒரு நிரலை எழுதி நூறு பதிவுகளையும் அதன் வழியே செலுத்தினால், வைத்த எல்லைகளும் கையாண்ட வரிசையும் அந்நிரலிலேயே பதிந்திருக்கும். பதிவையும் நிரலையும் மென்பொருளின் பதிப்பெண்ணையும் பிறரிடம் அளித்தால் அவரும் அதே எண்களைப் பெறலாம். ஸ்கோட்டின் தாளில் இசைக்கவையின் கோடு இருந்தது போல, முடிவின் அருகிலேயே அளவுகோலும் இருக்கும்.

அளவுக்குள் அடங்குவதும் அடங்காததும்

இனி, இக்கருவிகளிடம் எதிர்பார்க்கக் கூடாதவையும் உள. மாத்திரையை மில்லி விநாடியாக மாற்றித் தொல்காப்பியருக்கு மதிப்பெண் இடும் முயற்சி அவற்றுள் முதன்மையானது. விரைந்து பேசும்போது நெடிலும் சுருங்கும். நிறுத்திப் பாடும்போது குறிலும் நீளும். மாத்திரை என்பது மொழியமைப்பில் ஓரெழுத்து மற்றோர் எழுத்தோடு கொண்டுள்ள உறவின் அளவு. ஐகாரம் ஓரளவாகக் குறுகும் இடமும் உண்டு எனக் கூறிய இலக்கணத்தார், எழுத்தின் நீளம் இடத்தால் மாறும் என்பதை அறியாதவரல்லர். கருவி தருவது ஒரு முறை, ஓரிடத்தில், ஒருவர் ஒலித்த ஒலியின் நீளம். இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடைகள். ஒன்றைக்கொண்டு மற்றதைத் தள்ளுவது பொருந்தாது.

கவிஞர் ஓரடியின் முடிவில் நிறுத்திய மௌனத்தின் நீளத்தைக் கருவி அளந்து சொல்லும். அம்மௌனத்தில் அவை ஏன் மூச்சடங்கியிருந்தது என்பதைச் சொல்லாது. ஒப்பாரியில் சுருதி எங்கு எழுந்து எங்கு வீழ்ந்தது என்பதை வரைந்து காட்டும். அழுதவளின் இழப்பு அக்கோட்டில் இல்லை. இஃது கருவியின் குறையன்று; அதன் எல்லை. தன் எல்லையை மறைக்காத கருவியே நல்ல கருவி.

மற்றொன்றும் கூறவேண்டும். கதவு திறந்திருப்பதால் மட்டும் வீடு தூய்மையாகிவிடாது. உள்ளே சென்று பார்ப்போர் வேண்டும். மூலநிரல் திறந்திருந்தும் படிப்பார் இல்லையெனில், பிழை அங்கேயே கிடக்கும். தமிழ் ஒலிகளை அறிந்தோர் நிரலை அறியாமலும், நிரலை அறிந்தோர் குற்றியலுகரத்தை அறியாமலும் இருக்கும் வரையில், தமிழ்க் குரலுக்குரிய எல்லைகளைப் பிற மொழியினர் வைத்த எல்லைகளே தீர்மானிக்கும். இலக்கண வகுப்பும் கணிப்பொறி வகுப்பும் ஒரே கல்லூரியின் இரு கோடிகளில் இருப்பது இடத்தின் தொலைவே. அறிவின் தொலைவாக அது நிலைக்க வேண்டுவதில்லை.

வட்டங்கள் செய்யத்தக்கன

சென்னை மாகாணத்து மொழிகளும் கிளைமொழிகளும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் இசைத்தட்டில் பதிவு செய்யப்பட்டன. அத்தட்டுகளில் பேசப்பெற்ற பகுதிகளின் எழுத்து வடிவம் 1927இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக வந்தது. குரலைப் பதிந்தோர், குரல் கூறியது யாது என்பதையும் எழுதி வைத்தமை முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது. இலக்கிய வட்டங்களின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கவியரங்குகளையும் நூல் வெளியீடுகளையும் பதிந்த ஒலிநாடாக்கள் எத்தனையோ அலமாரிகளில் கிடக்கின்றன. நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் நலிகிறது. உறையின்மேல் 'கவியரங்கம்' என்னும் ஒரு சொல்லே இருக்கும். பாடியவர் பெயரும் நாளும் இரா. இன்று இருப்போர் குரலைக் கேட்டதும் ஆளைச் சொல்லிவிடுவர். அடுத்த தலைமுறைக்கு அது பெயரற்ற குரல்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நாடாக்களை எண்வடிவிற்கு மாற்றும்போது, ஒலியைச் சுருக்கி இழக்கும் வடிவங்களைத் தவிர்த்து முழுவடிவில் ஒரு படி வைத்தல் வேண்டும். புதிய பதிவுகளைத் தொலைபேசி உரையாடலின் வழியே செய்தல் ஆகாது; பழைய தொலைபேசி முறையில் ஏறத்தாழ 3,400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வெட்டுண்டு போம், மேல் ஃபார்மன்ட்களும் சகரத்தின் உரசலும் அதனோடு மறையும். பேசுவோரின் பெயர், ஊர், வயது, பதிந்த நாள், இடம், கருவி ஆகியவற்றை உடன் எழுதுதல் வேண்டும். அவர்தம் இசைவைப் பெறுதல் எல்லாவற்றினும் முதன்மையானது. ஏனெனில் குரல் உடைமை மட்டுமன்று, ஆளே ஆம். இவ்வளவும் செய்தால், பிற்காலத்தில் எவரேனும் ஒருவர் அப்பதிவைத் திறந்த கருவியால் அளக்கும்போது அளவுகோல் அருகில் இருக்கும்.

கண்ணிமையையும் கைந்நொடியையும் அளவாகத் தந்தவர், அளக்கும் உரிமையையும் கேட்பவர் கையிலேயே தந்தார். அவ்வுரிமை மூடிய பெட்டிகளுக்குள் சென்றுவிடாமல் காப்பது இலக்கணம் பயில்வோர்க்கும், நிரல் எழுதுவோர்க்கும், கவிதை படிப்போர்க்கும் பொதுக்கடமை. பத்தாண்டு கண்ட இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் தன் உறுப்பினர்தம் குரல்களைப் பெயரோடும் நாளோடும் தொகுத்து வைக்குமாயின், அத்தொகுப்பு இம்மலருக்கு இணையான மற்றொரு மலராக விளங்கும். வட்டம் வாழ்க, அதில் ஒலித்த குரல்கள் நிலைபெறுக.